எறிபடைகளின் கதை – 9: இருநூறு கவண்கள்

சென்ற இதழில் கிரேக்கக் கூலிப்படையைப் பெரிய சாப் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தோம். கி.மு. 401ஆம் ஆண்டு. அண்ணன் அர்தசெர்க்சீஸிடமிருந்து பாரசீக அரியணையைப் பறிக்கப் புறப்பட்ட இளவரசன் சைரஸ், கூனாக்சா களத்தில் மாண்டுவிட்டான். அவன் கூலி பேசி அழைத்து வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் பகை நாட்டின் நடுவே நிற்கிறார்கள். பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டு, அவர்களுடைய ஐந்து தளபதிகளையும் பிடித்துக்கொண்டான் பாரசீக ஆளுநன் டிசபெர்னஸ். ஐவரும் பிறகு கொல்லப்பட்டார்கள். ஊர் திரும்ப வழி தெரியாது, வழிகாட்டி கிடையாது, ஒரு குதிரைப்படைகூடக் கையில் இல்லை.

அன்றிரவு புதிய தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவன் ஏதென்ஸ் நகரத்து செனோபோன். அதுவரை படையில் எந்தப் பதவியும் வகிக்காதவன். பல ஆண்டுகள் கழித்து இந்தப் பயணத்தை 'அனபாசிஸ்' என்ற நூலாக எழுதியவனும் அவன்தான். அந்நூலைப் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரு காட்சியைத்தான் சொல்வார்கள்: மலையுச்சியில் ஏறிய வீரர்கள் கருங்கடலைக் கண்டு "கடல், கடல்" என்று கூவிக் கட்டிப்பிடித்து அழுத காட்சி. அது உருக்கமானதுதான். ஆனால் அந்தக் கடலை அவர்கள் பார்க்கக் காரணமான இரவு ஒன்று உண்டு. இந்த இதழ் முழுவதும் அந்த இரவைப் பற்றியது.

வண்டிகளையும் கூடாரங்களையும் கொளுத்திவிட்டுச் சாப் ஆற்றைக் கடந்தார்கள். மூட்டை முடிச்சுகளும் பணியாட்களும் நடுவில், கனத்த கேடயக் காலாட்கள் நாற்புறமும், இப்படி ஒரு சதுர அணிவகுப்பு. கொஞ்ச தூரம் போவதற்குள் மித்ரடேட்டஸ் என்ற பாரசீகத் தலைவன் வந்தான். சுமார் 200 குதிரைவீரர்கள்; வில்லாளிகளும் கவண் வீரர்களுமாக 400 பேர். நண்பனைப்போல நெருங்கி வந்து, திடீரென்று அம்பும் கல்லும் எறியத் தொடங்கினான்.

கிரேக்கப் படையின் பின்வரிசை அப்படியே அடிவாங்கியது. திருப்பி அடிக்க வழியில்லை. கிரீட் தீவிலிருந்து வந்த வில்லாளிகள் படையில் இருந்தார்கள். ஆனால் பாரசீகர்களின் அம்பு போகும் தூரம் அவர்களுடைய அம்பு போகவில்லை. கவசம் இல்லாத அவர்கள் சதுரத்துக்குள் ஒடுங்கி நின்றுதான் எய்ய வேண்டியிருந்தது. எறிவேல்காரர்களுக்கோ எதிரி எட்டவே இல்லை. பொறுக்க முடியாமல் செனோபோன் பின்வரிசை வீரர்களோடு துரத்திப் பார்த்தான். கனத்த கேடயத்தோடு ஓடுகிறவன் கல்லெறிந்துவிட்டு ஓடுகிறவனைப் பிடிக்க முடியுமா? குதிரைவீரர்கள் பின்வாங்கும்போதே திரும்பி அம்பெய்து பல பேரைக் காயப்படுத்தினார்கள். துரத்திய தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரமும் அடிவாங்கிக்கொண்டே திரும்பி வரவேண்டியிருந்தது. அன்று நாள் முழுக்க அவர்கள் கடந்தது 25 ஸ்டேடியம். நம் கணக்கில் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர்.

அந்த வேகத்தில் போனால் எத்தனை பேர் ஊர் சேர்வார்கள் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பார்ட்டாவைச் சேர்ந்த கீரிசோபஸும் மூத்த தளபதிகளும், அணியை விட்டுத் துரத்தப் போனதற்காகச் செனோபோனைக் கண்டித்தார்கள். அவன் தவற்றை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்ட கையோடு சொன்ன யோசனைதான் படையைக் காப்பாற்றியது.

நம் படையில் ரோட்ஸ் தீவுக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்குக் கவண் எறியத் தெரியும் என்றான் செனோபோன். பாரசீகக் கவண் வீரர்கள் கை நிறையும் பெரிய கற்களை எறிகிறார்கள், அதனால் அவை அதிக தூரம் போவதில்லை. ரோட்ஸ்காரர்களுக்கு ஈயக் குண்டு எறியத் தெரியும், அது இரண்டு மடங்கு தூரம் போகும். யாரிடம் கவண் இருக்கிறதோ அதைக் காசு கொடுத்து வாங்குவோம். புதிதாகப் பின்னித் தருகிறவர்களுக்கும் காசு கொடுப்போம். கவண் வீரனாகச் சேர முன்வருகிறவனுக்கு வேறு சலுகைகள் தருவோம். கூடவே, பொதி சுமக்கும் குதிரைகளிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கி ஒரு சிறு குதிரைப்படையும் அமைப்போம்.

அன்றிரவே ஏறத்தாழ 200 கவண் வீரர்கள் சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் 50 குதிரைவீரர்கள் தயாரானார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கவண் என்றதும் இன்று பலருக்கு நினைவில் வருவது ரப்பர் பட்டை கட்டிய கவட்டை. அது வேறு, ரப்பரைப் பதப்படுத்தும் முறை கண்டுபிடித்த 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வந்தது. இந்தத் தொடரில் வரும் கவண், சங்கப் பாடல்களின் தினைப்புனத்தில் பரண்மேல் நிற்கும் கானவன் யானையை விரட்டச் சுழற்றுகிற கவண். தாவீது கோலியாத்தின் நெற்றியில் அடித்ததும் அதே கவண்தான். நடுவில் கல் வைக்க ஒரு மடிப்பு, அதன் இருபுறமும் கயிறு. ஒரு கயிற்றின் நுனி வளையம் விரலில் மாட்டியிருக்கும். மறு நுனியின் முடிச்சைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பற்றியிருக்கும். சுழற்றி, சரியான கணத்தில் முடிச்சை விட்டால் கல் பறக்கும். அவ்வளவுதான் கருவி. கம்பளி நூல், நார், தலைமயிர், விலங்கு நரம்பு, எதில் வேண்டுமானாலும் பின்னலாம்.

ஒரே இரவில் 200 கவண் சேர்ந்ததன் காரணம் இதுதான். மரமும் கொம்பும் நரம்பும் சேர்த்துப் பசையால் ஒட்டிச் செய்யும் ஆசிய வில் ஒன்று காய்ந்து உறுதிப்படவே மாதக்கணக்கில் ஆகும். அம்புக்கு நேரான தண்டு வேண்டும், முனை வேண்டும், இறகு வேண்டும். கவணுக்கு வேண்டியது கயிறும் கல்லும். படை நடக்கிற வழியெல்லாம் அதன் ஆயுதச்சாலை கிடக்கிறது.

கருவி எளிது, கை எளிதல்ல. முடிச்சை விடுகிற கணம் இமைப்பொழுது முந்தினாலோ பிந்தினாலோ கல் பக்கத்தில் நிற்பவன் தலையில் போய் விழும். வில்லைப் போலக் கண்ணால் குறிபார்த்து நிறுத்தி வைத்து விடுவதற்கும் இதில் இடமில்லை. சுழற்சிக்குள்ளேயே குறி இருக்கிறது. சிறுவயதில் ஆடுமேய்க்கும்போதோ விளையாட்டிலோ கையில் படிந்த பழக்கமாக இருந்தால்தான் போர்க்களத்தில் உதவும். செனோபோன் கவண் எறியக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை, எறியத் தெரிந்தவர்களைத் தேடினான் என்பதைக் கவனியுங்கள். ரோட்ஸ் தீவின் பெயர் அந்தக் கலைக்கு முன்பே பரவியிருந்தது. 14 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் சிசிலிமீது படையெடுத்தபோது கப்பலேறிய கவண் வீரர்கள் 700 பேர். அத்தனை பேரும் ரோட்ஸ்காரர்கள் என்று துசிடிடீஸ் எழுதியிருக்கிறார்.

சரி, ஈயம் ஏன்? கல்லைவிட ஈயம் நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. ஒரே எடையுள்ள கல்லையும் ஈயத்தையும் எடுத்துக்கொண்டால், ஈயக் குண்டு பருமனில் கல்லின் கால்பங்குகூட இருக்காது. பறக்கும்போது காற்று மோதுகிற பரப்பு அதற்குக் குறைவு. அதனால் வேகம் சீக்கிரம் தணியாது, தூரம் கூடும். வாதுமைக் கொட்டை வடிவில், இரு முனையும் கூர்ந்து, பெரும்பாலும் 20 முதல் 50 கிராம் வரை எடையுள்ளதாக இந்தக் குண்டுகளை வார்த்தார்கள். ஈயம் 327 பாகையில் உருகிவிடும். சமைக்கிற நெருப்பே போதும். களிமண் அச்சு ஒன்று இருந்தால் இரவு உட்கார்ந்து நூறு குண்டு வார்த்துவிடலாம். அம்பு வருவது கண்ணுக்குத் தெரியும், கேடயத்தைத் தூக்கலாம். கட்டைவிரல் அளவுள்ள ஈயக் குண்டு வருவது தெரியாது. சதையில் பாய்ந்தால் உள்ளேயே தங்கிவிடும். ரோமானிய மருத்துவ எழுத்தாளர் செல்சஸ், உடலில் புதைந்த அம்பை எடுக்கும் முறையைச் சொல்லிவிட்டு, ஈயக் குண்டையும் கல்லையும் எடுக்கும் முறையைத் தனியாகச் சொல்கிறார். அந்தக் காயம் மருத்துவர்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

கதைக்குத் திரும்புவோம். ஒருநாள் தங்கிவிட்டு, அதற்கு அடுத்த நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பினார்கள். வழியில் ஒரு பள்ளத்தாக்கு; அதைக் கடக்கும்போது தாக்குவார்கள் என்ற பயம். கடந்து முடித்த பிறகுதான் மித்ரடேட்டஸ் வந்தான். இந்தமுறை 1,000 குதிரைவீரர்கள், வில்லாளிகளும் கவண் வீரர்களுமாக 4,000 பேர். முதல்நாள் சிறு கூட்டத்தை வைத்தே அத்தனை சேதம் செய்தவன், இப்போது கிரேக்கர்களைப் பிடித்துத் தருவதாகவே டிசபெர்னஸிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

கற்களும் அம்புகளும் வந்து விழத் தொடங்கியதும் எக்காளம் முழங்கியது. முன்பே குறித்து வைத்திருந்த வீரர்கள் ஓடினார்கள். புதிய குதிரைப்படை பாய்ந்தது. பாரசீகர்கள் நிற்கவில்லை. பள்ளத்தாக்கை நோக்கி ஓடினார்கள். அங்கே அவர்களின் காலாட்கள் பலர் மாண்டார்கள். 18 குதிரைவீரர்கள் உயிரோடு பிடிபட்டார்கள். செத்தவர்களின் உடல்களைக் கிரேக்கர்கள் சிதைத்துப் போட்டார்கள், பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும் என்று. செனோபோன் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறான். நானும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு டைக்ரிஸ் ஆற்றங்கரையில் இரண்டு பாழ்நகரங்களைக் கடந்து போனார்கள். முதலாவதைச் செனோபோன் லாரிசா என்கிறான், இரண்டாவதை மெஸ்பிலா என்கிறான். மதிலின் உயரத்தையும் சுற்றளவையும் குறித்துக்கொண்டு, முன்பு மீடியர்கள் குடியிருந்த ஊர்கள் என்று எழுதிவிட்டு மேலே நடந்துவிடுகிறான். லாரிசா என்பது இன்றைய நிம்ரூத். மெஸ்பிலா, மோசுல் நகருக்கு எதிர்க்கரையில் கிடக்கும் நினிவே. அசீரியப் பேரரசின் தலைநகரம். கி.மு. 612இல் விழுந்த நகரம் அது. 211 ஆண்டுகளில் அசீரியர் என்ற பெயரைக்கூட அந்த வழிப்போக்கனுக்குச் சொல்ல ஆளில்லாமல் போயிருந்தது.

அந்த மண்மேட்டுக்குள் செனக்கெரிப் மன்னனின் அரண்மனைச் சுவர்கள் அப்போது புதைந்து கிடந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லேயார்டு அவற்றைத் தோண்டியெடுத்தார். யூதேயாவின் லாகீஷ் கோட்டையை கி.மு. 701இல் அசீரியர்கள் முற்றுகையிட்டு வென்ற காட்சி ஒரு கூடத்தின் சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருந்தது. அதில் வில்லாளிகளின் வரிசைக்குப் பின்னால் கவண் வீரர்கள் நிற்கிறார்கள், கவணைத் தலைக்குமேல் சுழற்றியபடி. லாகீஷ் இருந்த இடத்தில் அகழ்ந்தபோது டென்னிஸ் பந்து அளவில் உருட்டிச் செதுக்கிய கவண்கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. உலகின் மிகச் சிறந்த வில்லாளிகளை வைத்திருந்த அசீரியர்கள் கவண்காரர்களையும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஏழைகளின் ஆயுதம், ஆட்டிடையனின் ஆயுதம் என்று கவணை ஒதுக்கிவிடுகிறவர்கள் பார்க்க வேண்டிய சுவர் அது. ரோட்ஸ் நாட்டுக் கவண் வீரர்கள் அந்த மண்மேட்டின் ஓரமாக நடந்து போன அன்று, அவர்களுடைய தொழிலின் முன்னோர்கள் உள்ளே கல்லில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நினிவேயைத் தாண்டிய அடுத்த கட்டப் பயணத்தில்தான் டிசபெர்னஸே பெரும் படையோடு வந்தான். நேருக்கு நேர் மோதாமல், தூர நின்று கல்லும் அம்பும் எறியச் சொன்னான். கிரேக்கப் பக்கத்திலிருந்து ரோட்ஸ்காரர்கள் ஆங்காங்கே பரவி நின்று எறிந்தார்கள், வில்லாளிகள் எய்தார்கள். எதிரிக் கூட்டம் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் ஒருவருக்கும் குறி தப்பவில்லை, தப்ப வைக்க முயன்றாலும் தப்பியிருக்காது என்கிறான் செனோபோன். டிசபெர்னஸ் விரைவாகப் பின்வாங்கினான். அன்று முழுவதும் அவனுடைய படை பின்னாலேயே வந்தது, ஆனால் சேதம் செய்ய முடியவில்லை. பாரசீகக் கவண்களைவிடவும் பெரும்பாலான வில்களைவிடவும் ரோட்ஸ் கவணின் வீச்சு அதிகமாக இருந்தது. அடுத்து வந்த கிராமங்களில் நரம்புக் கயிறும் ஈயமும் கிடைத்தன. இரண்டையும் கவணுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். பாரசீகர்களின் பெரிய அம்புகளைப் பொறுக்கி வைத்துக்கொண்ட கிரீட் வில்லாளிகள், மேல்நோக்கி எய்து நெடுந்தூரம் அனுப்பப் பழகினார்கள்.

கவணின் வீச்சைப் பற்றிச் செனோபோன் மிகைப்படுத்தினானோ என்று சிலர் ஐயப்படலாம். 1981இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒருவர் 52 கிராம் கல்லொன்றைக் கவணில் எறிந்து 437 மீட்டர் அனுப்பினார். அது உலக சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. சாதனை வேறு, போர்க்களம் வேறுதான். ரோமானியப் படையில் வில்லாளிகளும் கவண் வீரர்களும் பயிற்சிக்கு இலக்கு வைத்த தூரம் 600 அடி என்று வெகேசியஸ் எழுதுகிறார். அது ஏறத்தாழ 180 மீட்டர். வில்லுக்கும் கவணுக்கும் ஒரே தூரத்தில் இலக்கு வைத்தார்கள் என்பதே போதுமான சான்று. கவசம் அணிந்தவனுக்கு அம்பைவிட உருண்டைக் கல்லே அதிகத் தொல்லை, அது ரத்தம் சிந்தாமலேயே உள்ளுக்குள் நொறுக்கிக் கொன்றுவிடும் என்றும் அவர் சொல்கிறார்.

வில்லின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வில்லாளிகள் தோளோடு தோள் உரசி நெருங்கி நிற்கலாம். கவண் வீரனுக்குக் கை சுழல இடம் வேண்டும். குறுகிய சந்திலும், மரத்தடியிலும், மதில் துளைக்குப் பின்னாலும் வில் வேலை செய்யும். ஓடுகிற குதிரையின் மீதிருந்து எய்யலாம். கூர்முனை சதையை ஊடுருவுவதுபோல மழுங்கிய கல் ஊடுருவாது. அதே பத்தாயிரம் பேர் சில நாட்கள் கழித்துக் கர்டுக்கிய மலைகளில் ஏறியபோது நிலைமை மாறிவிட்டது. அம்மலை மக்கள் மேலேயிருந்து பாறைகளை உருட்டினார்கள். மூன்று முழத்தை நெருங்கும் வில்லில் இரண்டு முழத்துக்கு மேற்பட்ட அம்புகளை எய்தார்கள். அவை கேடயத்தையும் மார்க்கவசத்தையும் துளைத்தன. அங்கே மிகவும் உதவியவர்கள் கிரீட் வில்லாளிகள் என்று செனோபோன் வெளிப்படையாகச் சொல்கிறான். சமவெளியில் ஒதுங்கி நின்றவர்களுக்கு மலையில் முறை வந்தது.

எறிவேலை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அருகே வந்தால் அதன் அடி பெரிது, ஆனால் ஒருவன் நாலைந்துக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. முதல்நாள் சாப் கரையில் அது எட்டாமல் போனதைப் பார்த்தோம்.

பிற்காலத்தில் ரோட்ஸின் இடத்தைப் பலேரிக் தீவுகள் பிடித்துக்கொண்டன. மேற்கு மத்தியதரைக் கடலில் உள்ள அந்தத் தீவுகளில், எட்டத்தில் வைத்த ரொட்டியைக் கவண்கல்லால் அடித்து வீழ்த்தும் வரை தாய் பிள்ளைக்கு அதை உண்ணக் கொடுக்கமாட்டாள் என்று பழைய ஆசிரியர்கள் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். தூரத்துக்குத் தக்கபடி வெவ்வேறு நீளத்தில் மூன்று கவண்கள் வைத்திருப்பார்கள். ஹனிபாலின் படையில் அவர்கள் இருந்தார்கள், கி.மு. 216இல் கன்னே போர் தொடங்கிய உடனேயே ரோமானியக் கான்சல் பாவுலஸ் கவண்கல் பட்டுப் படுகாயமடைந்தார் என்கிறார் லிவி. கி.மு. 123இல் ரோமானியத் தளபதி மெட்டெல்லஸ் அந்தத் தீவுகளைப் பிடிக்கப் போனபோது, கவண்கற்களுக்குப் பயந்து கப்பல் தளங்களின்மீது தோல்களை விரித்துக் கட்டிக்கொண்டு போனான்.

ரோட்ஸ், பலேரிக் தீவுகள், கிரேக்கத்தில் அக்கேயாவும் அகர்னானியாவும், விவிலியத்தில் பென்யமீன் கோத்திரம். நல்ல கவண் வீரர்கள் எப்போதும் ஒரு குறிப்பிட்ட ஊரின் பெயரோடுதான் வரலாற்றில் வருகிறார்கள். அரசன் ஆயிரம் வில் செய்யச் சொல்லி ஆணையிடலாம்; ஆயிரம் கவண் வீரர்களை ஆணையிட்டு உண்டாக்க முடியாது, அவர்கள் வளரும் ஊரிலிருந்து கூலிக்குத்தான் எடுக்க வேண்டும். கவண் மறைந்ததற்கு அதன் வலுக்குறைவு காரணமல்ல, இதுதான் காரணம் என்பது என் முடிவு. ஸ்பெயினில் 1367இல் நாஹெரா போர் வரை அது களத்தில் நின்றது. 1536இல் குஸ்கோ நகரை முற்றுகையிட்ட இன்காக்கள், பழுக்கக் காய்ச்சிய கற்களைப் பஞ்சில் சுற்றிக் கவணில் எறிந்து கூரைகளைக் கொளுத்தினார்கள். ஆனால் எதிரே இருந்தவர்களின் கையில் வந்துவிட்ட துப்பாக்கியை, எந்த ஊர்க்காரனுக்கும் சில வாரங்களில் பழக்கிவிட முடிந்தது.

லண்டனுக்குப் போகும் வாய்ப்புள்ள வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரிட்டிஷ் மியூசியத்தில் லாகீஷ் சிற்பங்களுக்கென்று தனி அறை இருக்கிறது. எல்லோரும் மதிலையும் வில்லாளிகளையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் ஒரு நிமிடம் நின்று, அந்த வில்லாளிகளுக்குப் பின்னால் கவண் சுழற்றுகிறவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த இதழில் கர்டுக்கிய மலைக்குள் ஏறுவோம். மூன்று முழ வில்லின் கதை அங்கே காத்திருக்கிறது.

(தொடரும்)